வாட்ச்மேனுக்கும் ஒரு தேங்காய் பன்

ஒரு ஆணுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டால் சினிமாவில் அவனை மழையில் நிற்க வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைக் கையில் கொடுத்து மாமனையோ சித்தப்பனையோ அனுப்பி வைப்பார்கள். நான் சொல்லப்போகிறவர் வாட்ச்மேனுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். ‘என்னைக் கட்டிக்கிறீங்களா’ என்று என்னிடம் கேட்கலாமா, வேண்டாமா என்று அவருக்கு முடிவு தெரிய வேண்டியிருந்தது. அதற்கு வாட்ச்மேன் எதற்கு, பன் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டும், கூடவே ஒரு முயலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சிங்காநல்லூரில் மில் ஒன்று இருந்த இடத்தில் கட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேடத்திடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். அவர் எனக்குச் சற்று முன்னால் சேர்ந்தவர். மதுக்கரைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பம். மடிப்புக் கலையாத சட்டை, காலில் ரப்பர் செருப்பு. யாரைக் கூப்பிட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். ஃப்ரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அதனிடம்கூட “சித்த சாத்திக்கோங்க” என்பார். கூடத்தில் எல்லோரும் அவரை அண்ணா என்றார்கள். மேடத்தின் டிரைவர், அவரைவிடப் பெரியவர், அவரும் அண்ணா என்றார். நான் ஒருத்திதான் கடைசி வரை அண்ணா என்று சொல்லவில்லை. “ஏனுங்க” என்றுதான் கூப்பிட்டேன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும்.

அவருடைய குணம் இதுதான்: எதைச் செய்தாலும் பக்கத்திலேயே அதைச் செய்யாமலும் ஒன்றைச் செய்து பார்ப்பார். அதற்குப் பெயர் கன்ட்ரோல். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோருக்கும் அது வேலையில் ஒரு பகுதி. ஒரு மருந்து ஊற்றிய தட்டு இருந்தால், வெறும் தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்றும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே விளைவு வந்தால் மருந்துக்குச் சக்தியில்லை என்று அர்த்தம். மாலை ஆறு மணிக்குக் கோட்டைக் கழற்றி மாட்டும்போது நாங்கள் அதையும் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

தங்கைக்கு வரன் பார்க்கும்போது சூலூர் பக்கம் ஒரு ஜோசியரிடம் போனார். தங்கையின் ஜாதகத்தைக் கொடுத்தார். கூடவே இன்னொரு பிறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்து, இது பெரியப்பா மகளுக்கு என்றார். பெரியப்பாவுக்கு மகளே கிடையாது. அது அவருடைய பைக்கை ஷோரூமிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்த நேரம். ஜோசியர் பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளைக்கு மனசு தங்கமுங்க. ஆனா இடுப்புக்குக் கீழதான் அடிக்கடி கோளாறு வரும், வெளியூர்ப் பயணத்துல சாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க” என்றாராம்.

மறுநாள் அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிக் கிடந்தது.

“ஏனுங்க, இதுல வெசனப்படறதுக்கு என்னங்க இருக்குது? சோசியரு பொய்யின்னு தெரிஞ்சுபோச்சில்லீங்க?” என்றேன்.

“அதுதானுங்க இல்ல. வண்டிக்குச் செயின் அடிக்கடி கழண்டுக்குமுங்க. பாலக்காடு போறப்பக்கூட வாளையாருகிட்டக் கழண்டுச்சு. அவரு சரியாத்தான் சொல்லிப்போட்டாரு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. பைக்குக்கும் பலித்துவிட்டால் தங்கைக்குச் சொன்னதை எப்படி நம்புவது என்பது அவர் கவலை. நல்ல வரனாக வந்த ஒன்றை அந்த யோசனையிலேயே தள்ளிப் போட்டார். தங்கை அவரோடு ஒரு மாசம் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். பேசாமலிருந்ததற்குக் கன்ட்ரோல் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் வைத்த கன்ட்ரோல் எதுவும் சும்மா கிடந்ததில்லை. தலைவலிக்கு ஒருநாள் மாத்திரையும் அடுத்த முறை புளிப்பு மிட்டாயும் போட்டார்; மிட்டாய்க்கும் தலைவலி போய்விட்டது. கூடத்துப் பின்பக்கம் இரண்டு தொட்டியில் கறிவேப்பிலை வைத்து ஒன்றுக்குத்தான் மோர் ஊற்றினார்; ஊற்றாத தொட்டி தழைத்து நின்றது. ஒன்றும் வரக்கூடாத இடத்தில் எல்லாம் அவருக்கு ஏதாவது வந்துகொண்டே இருந்தது. வேறு யாராவது இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் துக்கம் விசாரிக்கப் போய் வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இனி முயல்.

என் ஆராய்ச்சி குடலைப் பற்றியது. குடலின் உட்புறம் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு ஒரு சுவர் போல நிற்கும். இரண்டு செல்களுக்கு நடுவில் இடுக்கு இல்லாமல் அடைத்துப் பிடிப்பதற்கென்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது. அதில் ஒரு புரோட்டீன்தான் எனக்கு வேண்டியது. அது இருந்தால் சுவர் ஒழுகாது. அது சிதறிப் போனால் குடலில் இருக்க வேண்டியதெல்லாம் ரத்தத்தில் கசியும். முருங்கையிலைச் சாறு கொடுத்தால் சிதறிய சுவர் திரும்ப அடைபடுகிறதா என்பது என் கேள்வி. அடைபடுகிறது என்று காட்டப் படம் வேண்டும். படம் எடுக்க அந்தப் புரோட்டீன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும். அதை ஒரு முயலின் உடம்பில் உண்டாக்கி எடுத்து, சுண்டுவிரல் நுனியளவு குப்பியில் அடைத்து, ஐஸில் வைத்து அனுப்புகிறார்கள். அது போய்ப் புரோட்டீனைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் பச்சையாக ஒளிரும் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றினால், மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சைக் கோடு தெரியும். மொத்தமாகப் பார்த்தால் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலை போலிருக்கும்.

அந்தக் குப்பி வந்த அன்று கூரியர்காரர் அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வாட்ச்மேன் வெள்ளை மீசைக்காரர், மில்லில் ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு விருந்தாக ஒறம்பரை வந்தால் உள்ளே கூட்டிவந்து உட்கார வைப்பதுபோல அந்தத் தெர்மகோல் பெட்டியைத் தன் நாற்காலியில் வைத்துவிட்டு, அவர் நின்றுகொண்டிருந்தார். “முசலு சமாச்சாரம்னாங்க, உசுரோட இருக்குதோ என்னமோன்னு ஃபேனுக்குக் கீழ வெச்சனுங்க” என்றார். நல்லவேளை, ஐஸ் உருகியிருக்கவில்லை.

எனக்குப் படம் முதல் தடவையே அற்புதமாக வந்தது. சாறு கொடுக்காத செல்களில் கோடு அறுந்து அறுந்து கிடந்தது; கொடுத்ததில் வலை முழுசாக நின்றது. மேடம் என் தோளைத் தட்டினார். “சாமி, இதை வெச்சே முடிச்சுடலாம், எழுத ஆரம்பிம்மா” என்றார். நான் வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “அப்ப தைக்குள்ள முடிஞ்சுரும், நான் பையன் பாக்கச் சொல்றேன்” என்றாள். அதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். பட்டம் முடிகிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், பட்டம் முடிவதற்குள் அவர் ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

அவர் சொன்னார். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “முசலு சொல்றது நெசந்தானுங்களா?” என்றார்.

“ஏனுங்க, முசலு எதுக்குங்க பொய் சொல்லுது?”

“அந்தப் புரோட்டீனே இல்லாத செல்லுக்கு இதை ஊத்திப் பாத்தீங்களா? அங்க இருட்டா இருந்தாத்தானுங்க இங்க வெளிச்சம் நெசம்.”

அவரே தோலுக்கடியில் இருக்கும் நார்ச் செல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவை சுவர் கட்டாதவை. தனித்தனியாக நீட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கும். அடைக்க வேண்டிய இடுக்கே இல்லாததால் அடைக்கிற புரோட்டீனும் இருக்காது என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். ஊற்றினேன். மைக்ரோஸ்கோப் அறைக்கு அவரும் வந்தார். விளக்கை அணைத்தோம். இரண்டு நார்ச் செல்கள் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் பச்சையாக, அழகாக, புள்ளி வைத்த மாதிரி மின்னியது.

“போச்சுங்க” என்றார்.

எனக்கு அவரை அந்த இருட்டிலேயே ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஒருநாள் சும்மா இருந்திருந்தால் நான் டாக்டர். மேடம் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஸ்லைடை யாரும் கேக்கப் போறதில்லை” என்றார் கூரையைப் பார்த்தபடி. எனக்கும் அந்த ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அவரோ வாசலருகே நின்று செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு ஆள் நிற்கும்போது ஸ்லைடை எடுத்துக் குப்பையில் போடக் கை வராது. மேடத்துக்கும் வரவில்லை. “வேற வழி பாருங்க” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். குப்பியை ஃபேனுக்குக் கீழே வைத்ததால்தான் கெட்டுப்போனது என்று கூடத்தில் பேச்சு கிளம்பி வாட்ச்மேன் காதுக்கும் போனது. பாவம் மனுஷன், கண்கலங்கிவிட்டார். அன்று மாலை வாட்ச்மேனுக்கு ஒரு தேங்காய் பன் வந்தது. சமாதானத்துக்கு அவர் வாங்கிக் கொடுக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

எனக்கு அதற்கு வெகுநாள் முன்பிருந்தே பன் வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப் பேக்கரியில் நாலு மணிக்குச் சூடாகத் தட்டு இறக்குவார்கள். அவர் போய் டீயும் பன்னும் வாங்கி வந்து என் மேஜைக்கு நேரே வெளி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, “எடுத்துக்கோங்க அம்மணி” என்பார். உள்ளே கொண்டுவரக் கூடாது, கூடத்தில் தின்பண்டத்துக்கு இடமில்லை. நான் வெளியே வந்து தின்னும் வரை கொஞ்சம் தள்ளி நின்று கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றிலிருந்து இரண்டு பன். ஒன்றை எனக்கு வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவார். வாட்ச்மேன் தின்று முடிக்கும் வரை அங்கேயும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருப்பார். எவ்வளவு நல்ல மனசு என்று நான் நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

இதற்கு நடுவில்தான் போர்வெல் விவகாரம் நடந்தது. அந்த வருஷம் கிணறு வற்றி, தோப்பில் மட்டை காய்ந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. அவருடைய அப்பா நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார்கள். கீழே தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். மாட்டுச் சாளைக்குத் தெற்கே எழுந்து நின்றது. எல்லோரும் கும்பிட்டார்கள். இவர் மட்டும், தேங்காய் எழவே எழாத இடம் எது என்று கேட்டிருக்கிறார். நீரோட்டக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், வேலியோரம் பாறைமேட்டைக் காட்டி, “இங்க ஒரு சொட்டு இருந்தா நான் இந்தத் தொழிலையே உட்டர்றனுங்க” என்று சொல்லிவிட்டுக் கோபமாகப் போய்விட்டார்.

இவர் அப்பாவிடம் இரண்டு இடத்திலும் போர் போட வேண்டும் என்றார். தெற்கே போட்டதில் தண்ணீர் வந்தது. ஊரே வாயில் விரல் வைக்கும்படி, பாறைமேட்டில் போட்டதிலும் வந்தது.

திங்கட்கிழமை அவர் கூடத்துக்கு வந்தபோது வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

“என்னங்க ஆச்சு?”

“நாசமாப் போச்சுங்க அம்மணி. கன்ட்ரோல்லயும் தண்ணி வந்துருச்சு.”

கோயமுத்தூர் ஜில்லாவில் போரில் தண்ணீர் வந்ததற்கு அழுத ஒரே மனுஷர் அவராகத்தான் இருப்பார்.

“உங்க அப்பா என்னங்க சொன்னாரு?”

“அவருக்கென்னங்க, ரெண்டு போரு ஆச்சுன்னு கெடா வெட்டிச் சோறு போட்டாரு. அங்கயும் தண்ணி இருந்துச்சு, வந்துச்சு, இதுல என்னடா ரோசனைங்கறாரு. சொன்னாப் புரிய மாட்டீங்குதுங்க.”

நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன். நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். கெடா வெட்டியவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு உதவித்தொகை முடிந்து ஊருக்கே கிளம்பிய அன்று மதியம் என்னைக் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்குப் பக்கம் கூப்பிட்டார். நான் முகம் கழுவிக்கொண்டு, முடியைச் சரிசெய்துகொண்டு போனேன்.

“அம்மணி, ஒரு விசயம் சொல்லோணுங்க.”

“சொல்லுங்க.”

“இத்தன நாளா உங்களுக்குப் பன்னு வாங்கித் தந்தனுங்களே. அப்பெல்லாம் எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சுங்க.”

நான் தரையைப் பார்த்தேன்.

“இதை இப்பிடியே நம்பக் கூடாதுன்னுதானுங்க, வாட்ச்மேன் அண்ணனுக்கும் வாங்கிக் குடுத்துப் பாத்தேன்.”

“எதுக்குங்க?”

“கன்ட்ரோலுக்குங்க. சந்தோஷம் உங்களால வருதா, பன்னு குடுக்கறதால வருதான்னு தெரியோணுமில்லீங்க?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். விளையாட்டு இல்லை. முகம் முழுக்க வேர்த்திருந்தது.

“தெரிஞ்சுதுங்களா?”

“அங்கயும் சந்தோஷமா இருந்துச்சுங்க.” தொட்டியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளினார். “அவரு மீசையில தேங்காப்பூ ஒட்டிக்கிட்டிருக்கும், தொடச்சுக்கிட்டே சிரிப்பாருங்க. அதைப் பாக்கறப்ப மனசு நெறஞ்சு போகுமுங்க. நானும் எத்தனையோ நாளு பாத்துட்டேன். கன்ட்ரோலு மின்னுதுங்க அம்மணி. அதனால இதுல ஒண்ணுஞ் சொல்றதுக்கு இல்லீங்க. மன்னிச்சுக்கோங்க.”

கும்பிட்டார். போய்விட்டார். கேட்டில் நின்று வாட்ச்மேனையும் கும்பிட்டார். பைக் செயின் கழன்றது, மாட்டிக்கொண்டு போனார். நான் எவ்வளவு நேரம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் எத்தனை காரணம் இருக்கிறது. நிறம், உயரம், நகை, குலக் கூட்டம், செவ்வாய். என்னை வாட்ச்மேன் மீசையில் ஒட்டிய தேங்காய்ப்பூ தோற்கடித்தது.

அதற்குப் பிறகு நான் பிடிவாதமாக வேலை செய்தேன். மேடம் யார் யாருக்கோ எழுதி, பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கே குடல் செல்லிலிருந்து அந்தப் புரோட்டீனுக்கான மரபணுவையே வெட்டி எடுத்து வைத்திருந்தார்கள். அதைவிட நல்ல கன்ட்ரோல் கிடையாது. என் குப்பியை ஐஸில் வைத்து, மடியில் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். ஊற்றிப் பார்த்தோம். வெட்டாத செல்லில் கம்பிவலை பளிச்சென்று நின்றது. வெட்டிய செல்லில் கும்மிருட்டு. அப்படி ஒரு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை. முயல் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

“அப்ப நார்ச் செல்லுல எப்பிடிங்க மின்னுச்சு?” என்று கேட்டேன்.

அந்த ஆய்வகத்து அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அதுலயும் இந்தப் புரோட்டீன் உண்டே. செல்லும் செல்லும் தொட்டுக்கற இடத்துல இருக்கும். இல்லைன்னு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம். அங்கேயும் இருந்தது, அதனால் மின்னியது. அவ்வளவுதான். கெடா வெட்டிய அவருடைய அப்பா சொன்னதும் அதேதான்.

காலையில் போத்தனூரில் ரயிலைவிட்டு இறங்கினேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஏனுங்க, உங்க கன்ட்ரோல் தப்புங்க” என்றேன்.

“எந்தக் கன்ட்ரோலுங்க?”

“ரெண்டுந்தானுங்க.”

நார்ச் செல்லைப் பற்றிச் சொன்னேன். வெட்டிய செல்லின் இருட்டைப் பற்றிச் சொன்னேன். ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

“ரெண்டாவது எப்பிடிங்க தப்பு?” என்றார் மெதுவாக.

“வாட்ச்மேன் அண்ணன் மேலயும் உங்களுக்குப் பிரியம் இருக்குதுங்க. அவரு நல்ல மனுசன், யாருக்குத்தான் இருக்காது? அங்கயும் இருந்துச்சு, மின்னுச்சு. அதனால இங்க இல்லைன்னு ஆயிருமுங்களா? உங்க சந்தோஷத்த ரெண்டு பக்கமும் வெச்சுப் பாத்தீங்களே, என்ற சந்தோஷத்த யாருங்க பாத்தது? ஒரு வார்த்த என்னையக் கேட்டீங்களா?”

பக்கத்துப் பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமே இல்லை. இத்தனை வருஷம் ‘ஏனுங்க’ என்ற ஒரு சொல்லில் ஒளித்து வைத்ததை ரயில்வே பிளாட்பாரத்தில் கொட்டியாகிவிட்டது.

மோட்டார் சத்தம் நின்றது. அணைத்திருப்பார் போல.

“கன்ட்ரோலு தப்புன்னா ரிசல்ட்டு சரின்னு ஆயிராதுங்க அம்மணி. திருப்பிச் செஞ்சு பாக்கோணும்னுதானுங்க அர்த்தம்.”

“அப்பச் செய்யுங்க.”

“இனி முடியாதுங்க. போன வாரம் எனக்கு நிச்சயம் பண்ணிப்போட்டாங்க.”

பெட்டியின் மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துகள் மடியெல்லாம் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. ஆத்திரத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன்.

“அந்தப் புள்ளைக்கு மட்டும் கன்ட்ரோல் வேண்டாமுங்களா?”

“வெச்சனுங்க.”

“யாருங்க?”

“நீங்கதானுங்க.”

அவரே சொன்னார். “பொண்ணு பாக்கப் போனப்ப, அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டே காப்பி கொண்டாந்து குடுத்துச்சுங்க. சந்தோஷமா இருந்துச்சு. அப்பறம் ஊட்டுக்கு வந்து, தனியா உக்காந்து உங்கள நெனச்சுப் பாத்தனுங்க. கன்ட்ரோலுக்கு.”

“மின்னுச்சுங்களா?”

ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுக்கப் போகிற வரைக்கும் இருவரும் காத்திருந்தோம்.

“மின்னுச்சுங்க” என்றார்.

“அப்பறம்?”

“அப்பா மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துப்போட்டாருங்க.”

கன்ட்ரோல் மின்னினால் மேலே போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். தங்கைக்கு வந்த வரனை அதற்காகத் தள்ளினார். தண்ணீர் வந்த போரைப் பார்த்து அழுதார். என் பட்டத்தை ஒரு வருஷம் கிடப்பில் போட்டார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை கன்ட்ரோலைக் கண்டுகொள்ளாமல் விட்டார். அந்தக் கன்ட்ரோல் நானாகவா இருக்க வேண்டும்? இதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பத்திரிகை வைக்க அவரே அப்பாவோடு கூடத்துக்கு வந்தார். எல்லோருக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறையாகக் கொடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் செருப்பை நான் பார்த்தேன். புதுசு.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமலிருக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது? இணைச்சீர்ச் சடங்கு முடிந்து, தாலி கட்டி, அவர் மணவறையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். பெண் அழகாக இருந்தாள், நல்ல சிரிப்பு. பந்திக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், பக்கத்து இலையில் எங்கள் வாட்ச்மேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசையை முறுக்கிவிட்டிருந்தார். இரண்டு கன்ட்ரோல்களும் ஒரே பந்தியில், பக்கத்துப் பக்கத்து இலையில்.

“தம்பி தங்கமான மனுசனுங்க அம்மணி” என்றார் அவர், பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே. “ஆனா எனக்கு எதுக்குத் தெனமும் பன்னு வாங்கிக் குடுத்தாருன்னுதான் இன்னிக்கு வரைக்குந் தெரியலீங்க. என்றகிட்ட என்னத்தக் கண்டாரோ.”

மீசையில் ஒரு முந்திரித் துண்டு ஒட்டியிருந்தது. புறங்கையால் துடைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் மனசு நிறைந்துதான் போனது.

“எனக்குந் தெரியலீங்கண்ணா” என்றேன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அவர் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன்.